எல்லிங்கின் மூன்றாவது பத்து

எல்லிங் ஃப்ளாட்டன் தன் ஆயுளில் மிச்சமிருந்த வியாழக்கிழமை மாலைகளையெல்லாம் மொத்தமாக நூற்றுப்பத்து டாலர் என்று விலை சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை, அவராகவே சொன்னார். நார்வேக்காரர்களோடு வியாபாரம் செய்வதில் இது ஒரு பெரிய தொல்லை. இருநூறு என்று ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கி வரத் தெரியாது. உண்மையான விலைக்குப் பாதியாகத் தாங்களே குறைத்துக்கொண்டு, அதையும் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல நிற்பார்கள். பேரம் பேசத் துடிக்கிற நாக்கை வைத்துக்கொண்டு என்னைப் போன்றவன் இந்த ஊரில் படுகிற பாட்டை யாரிடம் சொல்வது?

என் தாத்தா சிரியாவிலிருந்து வந்து, முதுகில் மூட்டையோடு மொன்டானாவின் கோதுமைப் பண்ணைகளில் ஊசியும் ரிப்பனும் விற்றவர். அப்பா கடை போட்டார். நான் அந்தக் கடையைப் பழைய சாமான் கடையாக்கி, பின்னால் ஒரு பழைய இரும்பு முற்றமும் சேர்த்துக்கொண்டேன். ஷுக்ரி என்ற பெயரை ஊரார் ஷக் என்று கத்தரித்துவிட்டார்கள். அதற்கு மட்டும் நான் தள்ளுபடி கொடுத்தேன்.

எல்லிங் மாவுச்சாக்குத் துணியில் சுற்றியிருந்த ஒன்றை என் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். அவருடைய ரிவால்வர்.

"நூத்திப்பத்து குடு, போதும்."

"எதுக்கு விக்கிறீங்க?"

"சும்மாத்தான். வீட்ல இடத்த அடைச்சிட்டு கெடக்கு."

ஒரு கைத்துப்பாக்கி இடத்தை அடைக்கிறதாம். அவர் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு பியானோ நாற்பது வருஷமாக வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஹார்லன் எங்க? அவர்தான உங்கள எங்கயும் கூட்டிட்டு வருவாரு?"

"நடந்தே வந்துட்டேன். காத்து நல்லாருக்கு."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. அவருக்கு வலது கால் இழுக்கும். மீசையில் பனி உறைந்து, ரொட்டிக் கடை அலமாரியில் சர்க்கரை தூவி வைத்த பண்டம் மாதிரி நின்றார்.

"எல்லிங், எங்கிட்ட எல்லாரும் பொய்தான் சொல்லுவாங்க. தொழிலே அதான், தப்பில்ல. ஆனா கொஞ்சம் நல்ல பொய்யா எடுத்துட்டு வாங்க."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் என்றார். காபி? வேண்டாம். ஒரு வாய்? தொந்தரவு வேண்டாம். நாலாம் தடவை கேட்காமலே ஊற்றி வைத்தேன், உட்கார்ந்து குடித்தார். இந்த ஊரில் விருந்தோம்பல் என்பது இப்படித்தான்.

வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் முழுக்க வியாழன் மாலையில் தீயணைப்பு நிலையத்துக்குக் கீழேயுள்ள நிலவறையில் குறி சுடும் பந்தயம் நடக்கும். எல்லிங், ஹார்லன், தீயணைப்புத் தலைவர் பால்மர், நான் என்று எங்கள் அணியில் நாலு பேர். ஒற்றைக் கையால் சுட வேண்டும். பத்துப் பத்துத் தோட்டாவாக மூன்று சுற்று, ஆளுக்கு முந்நூறு புள்ளிக்கு. நாலு பேர் புள்ளியையும் கூட்டித்தான் கணக்கு, யாரையும் ஒதுக்கி வைக்க முடியாது. சுட்டு முடித்தபின் மேலே போய் ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பலகாரமும் காபியும்.

தானியக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் எல்லிங். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தைக் கெடுத்தது. அறுபத்து நாலு வயதில் இடது கையால் சுடக் கற்றுக்கொண்டார். வீட்டில் அக்கா போர்கில்டும் அவரும் மட்டும். அக்காவுக்குக் காது கேட்காது. ஆகவே வானொலியை முழுச் சத்தத்தில் வைத்துப் பன்றி விலை கேட்டுக்கொண்டிருப்பாள். வாரத்தில் எல்லிங்கோடு மனிதர்கள் பேசுகிற நேரம் வியாழன் மாலை ஒன்றுதான்.

காபி பாதியில் இருக்கும்போது உண்மை வந்தது.

"முதல் பத்து நல்லாத்தான் போவுது, ஷக். ரெண்டாவது பத்து பரவால்ல. மூணாவது பத்துல குண்டு எங்க போவுதுன்னு எனக்கே தெரியல. கை சோந்துடுது. நீங்க மூணு பேரும் நல்ல மனுஷங்க, வாயத் தொறக்க மாட்டீங்க. நான் இருக்கிற வரைக்கும் நம்ம பக்கம் ஜெயிக்காது. நானா வெலகிட்டா யாருக்கும் சங்கடமில்ல."

"அதுக்காகத் துப்பாக்கிய விக்கணுமா?"

"வீட்ல இருந்தா வியாழக்கிழமை ஆனா எடுத்து எடுத்துப் பாப்பேன்."

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் சரக்கைப் பார்ப்பது எங்கள் பரம்பரை வழக்கம். ரிவால்வரின் உருளையைத் திறந்து, அறைகள் காலி என்று பார்த்துவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. சுருண்டோடும் வரிப்பள்ளங்கள் ஒவ்வொன்றும் கூராக இருந்தன. இதற்கு இருநூற்றைம்பதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆள் கிடைக்கும்.

"யார் இப்படிச் சுத்தமா தொடைக்கிறா?"

"ஹார்லன்தான். ஒத்தக் கையில எனக்குத் தூரிகை புடிக்க வரல. வியாழக்கிழமை முடிஞ்சதும் எடுத்துட்டுப் போவான், திங்கக்கெழமை கொண்டாந்து குடுப்பான். அந்தத் துணி கூட அவன் மடிச்சதுதான்."

"தோட்டா?"

"அதுவும் அவன்தான் செஞ்சு தரான். காசு குடுத்தா கோச்சுக்குறான்."

"சரி. சுட்டுப் பாக்காம நான் துப்பாக்கி வாங்கறதில்ல. வாங்க, கீழ போவோம்."

என் கடையின் நிலவறையில் ஒரு மூலையில் மணல் நிரப்பிய பெட்டியும், அதற்குப் பின்னால் ரயில் இரும்புத் தகடும் உண்டு. சந்தேகச் சரக்கைச் சோதிக்க அப்பா போட்டது. ஹார்லன் கொடுத்திருந்த பெட்டியிலிருந்து முப்பது தோட்டாக்களைச் சுட்டேன். நான் பெரிய குறிகாரன் இல்லை. இருந்தாலும் முதல் பத்து ஒரு சாஸருக்குள் அடங்கியது. இரண்டாம் பத்து சாப்பாட்டுத் தட்டானது. மூன்றாம் பத்தில் தாளின் ஓரத்தையெல்லாம் ஓட்டை போட்டேன். இரண்டு ஓட்டைகள் வட்டமாகக்கூட இல்லை, குண்டு பக்கவாட்டில் புரண்டு போன மாதிரி நீளவாக்கில் கிழிந்திருந்தன.

"பாத்தியா, ஒனக்கும் கை சோந்துடுச்சு" என்றார் எல்லிங், ஆறுதலாக.

"எனக்குப் பக்கவாதம் வரல எல்லிங். அப்ப இது யாரோட சோர்வு?"

துப்பாக்கியைக் காலி செய்து குழலைப் பார்த்தேன். சற்றுமுன் கண்ணாடியாக இருந்த இடத்தில் வெள்ளிப் பட்டைகள் அப்பிக் கிடந்தன. பள்ளங்கள் ஈயத்தால் தூர்ந்துபோயிருந்தன. விளக்கருகே கொண்டுபோய் அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

எனக்கு இது புதிதில்லை. குழல் தேய்ந்துவிட்டது என்று ஆட்கள் வந்து பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிற துப்பாக்கிகளில் பாதிக்கு ஒரு தேய்மானமும் இருக்காது. ஈயம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அதைச் சுரண்டி எடுத்து முழு விலைக்கு விற்றுத்தான் என் கூரையை இரண்டு தடவை மாற்றினேன். ஆகவே எங்கே பார்ப்பது என்று தெரியும். ஒரு தோட்டாவைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மட்டும் எடுத்தேன். உருளையின் அறைவாயில் ஒவ்வொன்றிலும் அதை முன்பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். ஆறிலும் புகைபோக்கியில் கோலிக்குண்டு விழுகிற மாதிரி நழுவிக் கீழே விழுந்தது.

"இது விழவே கூடாது. இறுக்கமா நின்னு, பென்சிலால தள்ளினாத்தான் போகணும். குண்டு எளச்சிருக்கு. சுத்தி சந்து இருக்கா? சுட்ட ஒடனே சூடான வாயு அந்தச் சந்து வழியா முந்திப் பாஞ்சு, ஈயத்த உருக்கி, குழல் செவுத்துல பத்த வச்சிடுது. மூணாவது பத்து வரப்போ பள்ளமே மிச்சமில்ல. குண்டு எதப் புடிச்சுச் சுழலும்?"

"ஆனா ஹார்லன் குண்டு ரொம்பக் கெட்டியாச்சே. தரையில போட்டா மணி மாதிரி கேக்கும். மெல்லிசு ஈயந்தான் ஒட்டும்னு..."

"வேகமா வெரட்டினா ஒட்டும். நாம என்ன கரடியவா சுடறோம், காயிதத்த! கெட்டிக் குண்டு இந்த மெதுவான மருந்துக்கு உப்பாது, சந்து சந்தாவே இருக்கும். மெல்லிசா இருந்தா பின்னாலேருந்து ஒதை விழுந்ததும் கொஞ்சம் உப்பி அடச்சிக்கும். அளவு பொருந்தி, மேல கொஞ்சம் மெழுகு இருந்தா, குழல்ல ஒரு கீத்து ஈயம் இருக்காது."

எல்லிங் தன் இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். ரொம்ப நாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வேலைக்காரன் திருடவில்லை என்று தெரிந்தால் முதலாளி பார்ப்பானே, அப்படிப் பார்த்தார்.

"அப்ப கை இல்லியா?"

"கை இல்ல."

அவர் முகம் மலர்ந்து நான் முழுசாகப் பார்ப்பதற்குள் சுருங்கிவிட்டது.

"ஹார்லன்கிட்ட சொல்லிடாத."

"என்னது?"

"எனக்காக ஈயம் உருக்கி, வார்த்து, கார்ல ஏத்தி, எறக்கி, தொடச்சு... அவங்கிட்டப் போயி, ஒன் குண்டுதான்டா என்னக் கெடுத்துச்சுன்னு சொல்றதா? நல்லாருக்கே நாயம்!"

"கடையில வேற தோட்டா வாங்கிக்கங்க."

"பக்கத்துல நின்னு சுடறவன், பாக்க மாட்டானா? வேணாம் ஷக். நூத்திப்பத்து குடு. நான் வீட்லயே இருந்துக்கறேன். கை இல்லன்னு தெரிஞ்சுதுல்ல, அது போதும்."

நண்பனின் மனம் கோணாமல் இருப்பதற்காக ஒரு மனிதர் தன் மனிதச் சகவாசம் முழுவதையும் விற்கத் தயாராக இருந்தார், அதுவும் பாதி விலைக்கு. என் அப்பா இருந்திருந்தால் பணத்தை எண்ணி வைத்துவிட்டு அப்புறம் அழுதிருப்பார். நான் பணத்தைக் கொடுக்கவில்லை. இன்னும் சோதிக்க வேண்டும், துப்பாக்கி வியாழன் வரை இங்கே இருக்கட்டும் என்று சொல்லி, ஹார்லனிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்து, என் வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். போர்கில்டு அக்காவின் வானொலி தெருமுனையிலேயே கேட்டது. பன்றி விலை இறங்கியிருந்தது.

மறுநாள் ஹார்லன் ப்ராட்வோல்டின் கார் கொட்டகைக்குப் போனேன். ஹார்லன் ஊர்ப் பத்திரிகையில் எழுத்து வார்த்து அடுக்கும் இயந்திரத்தை முப்பது வருஷம் ஓட்டியவர். பத்திரிகை புது அச்சுக்கு மாறி, பழைய எழுத்து ஈயத்தைத் தூக்கிப் போட்டபோது, முழுவதையும் வீட்டுக்கு ஏற்றி வந்துவிட்டார். ஆண்டிமனி கலந்த கெட்டி ஈயம் அது. கொட்டகைச் சுவரோரம் வெள்ளிக்கட்டி மாதிரி அடுக்கியிருப்பார்.

"இந்த ஊர்ல செத்தவன் எல்லாரும் இதுக்குள்ள இருக்கான்" என்பார். "மரண அறிவிப்புல ஆரம்பிச்சு மாட்டுச் சந்தை வரைக்கும் சுடறோம்."

என் வண்டியில் பழைய தொலைபேசி வடத்திலிருந்து உரித்த உறை ஈயம் இருந்தது. நகம் பட்டால் தழும்பு விழுகிற மெல்லிய ஈயம். உண்மையைச் சொல்லக் கூடாது. வியாபாரம் செய்யலாமே?

"ஹார்லன், ஒரு பண்டமாத்து. ஒன் கெட்டி ஈயம் எனக்கு வேணும். பவுண்டுக்குப் பவுண்டு மெல்லிசு ஈயம் தரேன்."

"யோவ் வியாபாரி, கெட்டி ஈயம் வெல ஜாஸ்தி. என்ன முட்டாள்னு நெனச்சியா?"

"சரி, ஒண்ணுக்கு ஒண்ணர."

அவர் கண்ணைச் சுருக்கினார். "ஏன்?"

"ஏன்னா என்ன? ஒண்ணுக்கு ரெண்டு."

"நீ வெலய ஏத்துறியா! ஒங்க தாத்தா எங்க பாட்டிக்கு மூணு கஜம் ரிப்பன் வித்துட்டு ரெண்டே முக்கால் அளந்து குடுத்த ஆளு. ஒங்க வம்சத்துல ஒருத்தன் தானா வெல ஏத்தினா அதுல பொணம் பொதஞ்சிருக்குன்னு அர்த்தம். என்ன சமாச்சாரம், சொல்லு."

நாணயமற்றவன் என்று மூன்று தலைமுறையாகப் பேர் வாங்கியதன் கஷ்டம் இது. நல்லது செய்யப் போனால் நம்ப மாட்டார்கள்.

"எப்படியும் தர முடியாது" என்று அவரே முடித்தார். பிறகு கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லிங்குக்கு வேணும். யார்கிட்டயும் சொல்லாத. அவன் துப்பாக்கிக் குழல் தேஞ்சுபோச்சு, ஷக். வியாழக்கெழம வியாழக்கெழம நான் அதுலேருந்து சொரண்டி எடுக்குற ஈயத்துல தூண்டிலுக்கு எடைக்குண்டு வார்க்கலாம். அத அவங்கிட்ட எப்படிச் சொல்றது? கை போச்சு, இப்ப துப்பாக்கியும் போச்சுன்னா? அதான் சத்தமில்லாம மாசாமாசம் குண்ட இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கிட்டு வரேன். கெட்டியா இருந்தா ஒட்டாதுல்ல? ஆனா என்ன எழவோ, மேல மேல மோசமாத்தான் ஆவுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தருக்குத் தன் கையைப் பற்றிப் பயம், மற்றவருக்கு நண்பனின் குழலைப் பற்றிப் பயம். ஒரே காரில் வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டே, தட்பவெப்பத்தைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் என்றால் முதல் வாரமே தட்டு பறந்திருக்கும். இரண்டாம் வாரம் சேர்ந்து சாப்பிட்டிருப்போம்.

அப்போதுதான் என் கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்த மாவுச்சாக்குத் துணியை ஹார்லன் கவனித்தார். அவர் மடிப்பை அவருக்குத் தெரியாதா?

"அது எல்லிங்கோடது."

நான் துணியைப் பைக்குள் தள்ளினேன்.

"விக்க வந்தானா?"

சுவரோரத்து ஈயக்கட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.

"எப்ப? தனியாவா வந்தான்? இந்தக் குளிர்லயா?" கேட்டுக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தார். "எதுக்கு?"

"மூணாவது பத்து" என்றேன். "கை போயிடுச்சுன்னு நெனைக்கிறாரு."

"கை இல்லய்யா! கையில ஒண்ணுமே இல்ல! அந்த எடது கை தங்கக் கை! குழல்தான்!"

"குழலும் இல்ல" என்று சொல்லிவிட்டு, காலி ரிவால்வரை அவர் மேஜைமேல் வைத்து உருளையைத் திறந்தேன். "ஒங்க குண்டு ஒண்ண எடுத்து ஒங்க கையாலயே இதுல போட்டுப் பாருங்க."

குண்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் எல்லிங்குக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஈயம் தரையில் விழுகிற சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை.

ஹார்லன் போட்டார். விழுந்து, மணி மாதிரி ஒலித்து, மேஜைக்கடியில் உருண்டது. அடுத்த அறையில் போட்டார். அதுவும் விழுந்தது. ஆறையும் பார்த்தார். தன்னுடைய ரிவால்வரைக் கொண்டுவந்து அதே குண்டைப் போட்டார். சிக்கென்று நின்றது.

மேஜையிலிருந்த ஒரு இரும்பு வளையத்தைக் காட்டிச் சொன்னார்: "எல்லாக் குண்டையும் ஒரே வளையத்துல தள்ளி, இறுக்கித்தான் அளவுக்குக் கொண்டாருவேன். என் துப்பாக்கிக்கு வாங்குன வளையம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சட்டைய அவனுக்கு மாட்டிவிட்டு, ஒனக்குத் தோள் சரியில்லன்னு ரெண்டு வருஷமா..."

"தெரியாமத்தான?"

"தெரியாமன்னா? வாரா வாரம் சொரண்டுனவன் நான். ஒரு தடவ அவனக் கூப்புட்டு, வா எல்லிங், இதப் பாருன்னு காட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்." மூக்கை உறிஞ்சினார். "நான் சொரண்டுனத அவங்கிட்ட சொல்லிடாத."

இத்தோடு இந்த வாரம் மூன்று வாக்குறுதிகள். இதை வைத்துத் தனிக் கடையே போட்டிருக்கலாம்.

அவர் எழுந்து ஈயம் உருக்கும் சட்டிக்கடியில் அடுப்பைப் பற்றவைத்தார். குளிரைப் பார்க்காமல் கதவை அகலத் திறந்தார். ஈயப்புகை நெஞ்சுக்கு ஆகாது. என் வடத்து ஈயம் உருகியது. முதலில் வார்த்தவை சுருங்கின முகத்தோடு விழுந்தன. மெல்லிய ஈயத்துக்குக் குண்டு வார்க்கும் அச்சு இன்னும் சூடேற வேண்டும். திட்டிக்கொண்டே அவற்றைச் சட்டியில் திரும்பப் போட்டார். அச்சு சூடேறியபின் வந்தவை பளபளவென்று முழுசாக விழுந்தன. ஆறியதும் வழக்கப்படி ஒன்றை வளையத்தின் பக்கம் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. வளையத்தைத் தூக்கி ஆணிப் பெட்டிக்குள் போட்டார். அச்சிலிருந்து விழுந்த அளவிலேயே குண்டை எல்லிங்கின் உருளையில் வைத்தார்.

நின்றது. பென்சில் துண்டால் மெல்லத் தள்ளினார், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிப் போனது. ஆறு அறைகளிலும் அப்படியே.

"ஹ்ம்" என்றார்.

இந்த ஊரில் இதற்கு மேளதாளம் என்று அர்த்தம். தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்தோம். போகும்போது என்னை நிறுத்தினார்.

"ஒண்ணுக்கு ரெண்டுன்னு சொன்ன."

"அது நேத்து வெல ஹார்லன்."

"இன்னிக்குக் காலைலதான்யா சொன்ன!"

ஒன்றுக்கு ஒன்றரையில் முடித்தோம். கடைசியில் அவருக்கும் கொஞ்சம் பேரம் வந்துவிட்டதில் எனக்குத் திருப்தி.

வியாழன் மாலை பக்கத்து ஊரான சேஜ் க்ரீக்கிலிருந்து அணி வந்திருந்தது. எல்லிங்கும் வந்தார், ஹார்லனுடைய காரில்தான். நாலு பேர் இல்லாமல் அணி சேராது, வெளியூர்க்காரர்கள் இவ்வளவு தூரம் பனியில் வந்துவிட்டுச் சும்மா திரும்புவது மரியாதை இல்லை, ஆகவே இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று படியிறங்கும்போது என்னிடம் சொன்னார். நான் துப்பாக்கியை நீட்டினேன். குழலை நன்றாகத் தேய்த்து வைத்திருந்தேன்.

"இந்தாங்க. நான் வாங்கல."

"ஏன், என்ன கொற?"

"நூத்திப்பத்து ரொம்ப ஜாஸ்தி."

அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். அதற்குள் ஹார்லன் அவருக்குப் பக்கத்தில் தோட்டாப் பெட்டியை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். எல்லிங் பெட்டியைத் திறந்தார். ஒரு தோட்டாவை எடுத்து நெருங்கப் பார்த்தார். கட்டை விரல் நகத்தைக் குண்டின்மேல் அழுத்தினார். வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தார். என்னை முறைத்தார். நான் தலையை ஆட்டி, சத்தியமாக நான் இல்லை என்றேன். ஹார்லனைப் பார்த்தார். ஹார்லன் கூரையில் ஓடிய தண்ணீர்க் குழாயை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"குளிர் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு" என்றார் ஹார்லன், குழாயிடம்.

"ஆமா, கொஞ்சம்" என்றார் எல்லிங்.

அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.

முதல் பத்தில் எல்லிங்குக்கு எண்பத்தொன்று. வழக்கமாக வருவதுதான். இரண்டாம் பத்தில் எண்பத்து மூன்று. வழக்கத்தில் இல்லாதது, ஆனால் அதிசயம் என்று சொல்ல முடியாது. மூன்றாம் பத்துக்கு வரிசையில் நின்றோம். எல்லிங் இடது கையை நீட்டினார். இழுக்கிற கால் அசையாமலிருக்கச் பூட்ஸைத் தரையில் ஊன்றிக்கொண்டார். நான் என் தாளைப் பார்த்துச் சுட்டேன், ஆனால் காது அவர் பக்கம். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. ஐந்தாவது குண்டுக்கப்புறம் கொஞ்சம் தாமதித்தார். கை சோர்ந்திருக்கும், அதுவும் உண்மைதானே, அறுபத்தாறு வயதுக் கை. கையைக் கீழே இறக்கி, உதறிக்கொண்டு, மறுபடி தூக்கினார். ஹார்லன் தன் தாளைப் பார்த்துச் சுடவே இல்லை. அவர் துப்பாக்கி அவர் தாளின் பக்கம் இருந்தது, கழுத்து எல்லிங்கின் தாளின் பக்கம் இருந்தது. இரண்டு குண்டு சுவருக்குப் போனதை நானே பார்த்தேன்.

தாள்கள் வந்தன. எல்லிங் தன் தாளை எண்ணவில்லை. ஓட்டைகள் எல்லாம் நடுவைச் சுற்றியே இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, உருளையைத் திறந்து, காலி செய்து, குழலை விளக்குக்கு நேரே பிடித்தார். உள்ளே மங்கலாகக் கொஞ்சம் மெழுகுப்புகை படிந்திருந்தது. வெள்ளி ஒரு கீற்றுக்கூட இல்லை. பள்ளங்கள் சுருண்டு சுருண்டு மறுமுனைவரை தெரிந்தன.

துப்பாக்கியை ஹார்லனிடம் நீட்டினார்.

"சொரண்டணுமா, பாரு."

ஹார்லன் பார்த்தார். பார்த்து முடித்தபிறகும் கண்ணை எடுக்கவில்லை. குழலுக்குள் பார்க்கிறவன் முகத்தை யாரும் பார்க்க முடியாது என்பது ஒரு வசதி.

"வேணாம். ஒரு துணி விட்டாப் போதும்."

"அப்ப ரெண்டு வருஷமா நீ..."

"சும்மா இரு எல்லிங்."

"நான் வாயத் தொறந்து கேட்ருக்கணும்டா."

"நான் கூப்புட்டுக் காட்டிருக்கணும்."

அவ்வளவுதான். இந்த ஊரில் இதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டவர்கள் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"அடுத்த வாரம் எத்தன மணிக்கு வர?" என்று எல்லிங் கேட்டார்.

"எப்பவும்போலத்தான். ஆனா துப்பாக்கிய நீயே தொடைக்கிற. நான் புடிச்சுக்கிறேன், நீ துணிய விடு."

மேலே ஆப்பிள் பை வெட்டுகிற சத்தம் கேட்டது. சேஜ் க்ரீக்காரர்கள் தங்கள் கணக்கைச் சொல்லிவிட்டுப் பலகாரத்தைத் தேடிப் படியேறினார்கள். பால்மர் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் எங்கள் கணக்கை எழுதினார். ஹார்லன் பெயருக்கு வந்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்து, சரிதானா என்று கேட்டுவிட்டு, எழுதினார்.

பால்மர்: 90, 89, 88. மொத்தம் 267.
ஷக்: 84, 80, 82. மொத்தம் 246.
எல்லிங்: 81, 83, 85. மொத்தம் 249.
ஹார்லன்: 88, 82, 67. மொத்தம் 237.
நாங்கள் 999. சேஜ் க்ரீக் 1,002. பாக்கி மூன்று புள்ளி, ஹார்லன் கணக்கில்.